எம்பிராய்டரி டிசைன் ஃபைல்களுக்கு ஐகானும் சிறுபடமும் வரவைக்கும் வழி

திருப்பூரில் ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி யூனிட்டில் டிசைன் அறையைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் 4,000 டிசைன் ஃபைல்களுக்கு மேல் இருக்கின்றன. முன்பெல்லாம் ஃபோல்டரைத் திறந்தால் அத்தனையும் ஒரே மாதிரி வெள்ளைத் தாள்தான். மெஷின் திரையில் நீளமான பெயர் முழுதாகத் தெரியாது என்பதால் பெயரையும் இரண்டு மூன்று எழுத்து, ஓர் எண் என்று குட்டியாக வைத்திருப்போம். ஒருநாள் அவசரத்தில் பக்கத்து ஃபைலைப் பென் டிரைவில் ஏற்றிவிட்டேன். இடப்பக்கம் பார்க்கவேண்டிய மயில் வலப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. 60 பீஸ் ஓடி முடிந்தபிறகுதான் கண்ணில் பட்டது. பனியன் துணியில் தையலைப் பிரித்தால் ஊசி ஓட்டை அப்படியே நிற்கும். 60 பீஸும் வீண்.

அதற்குப் பிறகு மூன்று வாரம், வேலை முடிந்து சாயங்காலங்களில் உட்கார்ந்து, ஃபைலைப் பார்த்த உடனே எந்த டிசைன் என்று தெரிகிற மாதிரி செய்தேன். விஷயம் தெரிந்திருந்தால் அது ஒரு நாள் வேலைதான். உங்களுக்கு அந்த மூன்று வாரம் வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். எம்பிராய்டரி இல்லாத வேறு தொழிலில் இருப்பவர்களுக்கும் ஏழாம் படி வரை அப்படியே பொருந்தும்.

1. உங்களுக்கு வேண்டியது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

நான் தடுமாறியதற்கு முதல் காரணம், மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒன்றாக நினைத்ததுதான்.

ஐகான் என்பது ஒரு வகை ஃபைல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே படம். சிறுபடம், அதாவது தம்ப்நெயில், ஒவ்வொரு ஃபைலுக்கும் அதன் உள்ளே இருப்பதைக் காட்டும் தனிப்படம். முன்தோற்றம் என்பது ஃபைலைத் தேர்ந்தெடுத்தால் வலப்பக்கப் பலகத்தில் பெரிதாகத் தெரிவது. விண்டோஸில் ஆல்ட் கீயோடு பி எழுத்தை அழுத்தினால் அந்தப் பலகம் திறக்கும்.

ஐகானை நீங்களே மாற்றலாம், செலவு இல்லை. எழுத்து மட்டும் உள்ள ஃபைலுக்கு முன்தோற்றம் வரவைப்பதும் அப்படியே. சிறுபடத்துக்கு மட்டும், அந்த ஃபைலைப் படித்துப் படமாக வரைந்து தரும் ஒரு நிரல் கட்டாயம் வேண்டும். ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் பட்டியலில், எதை மாற்றினாலும் நிரல் இல்லாமல் சிறுபடம் வராது. இது தெரியாமல் ஒரு வாரம் முழுக்க ரெஜிஸ்ட்ரியிலேயே தேடிக்கொண்டிருந்தேன்.

2. உட்காரும் முன் கையில் இருக்கவேண்டியவை

முதலில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில், ஃபைல் பெயரோடு எக்ஸ்டென்ஷனும், அதாவது கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளும், தெரியும்படி டிக் செய்யுங்கள். அது மறைந்திருந்தால் நீங்கள் மாற்றுவது எந்த வகையை என்றே தெரியாது. அப்புறம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: உங்களிடம் உள்ள எக்ஸ்டென்ஷன்கள், ஒவ்வொன்றையும் திறக்கும் மென்பொருள், அந்த மென்பொருள் ஹார்டு டிஸ்கில் இருக்கும் முழுப் பாதை. மென்பொருளின் ஷார்ட்கட்டில் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் பாதை கிடைக்கும்.

அட்மின் அனுமதி இருந்தால், ஏதாவது கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸில் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் போட்டுவிடுங்கள். ஐந்து நிமிடம்தான் ஆகும், தவிர்க்காதீர்கள்.

கம்ப்யூட்டரை வாங்கிக்கொடுத்தவரிடம் அட்மின் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று கவலைப்படவேண்டாம். கீழே சொல்லும் ரெஜிஸ்ட்ரி மாற்றங்கள் உங்கள் லாகினுக்கு மட்டுமானவை. அட்மின் அனுமதி தேவையில்லை. ஆனால் அதே கம்ப்யூட்டரில் இரவு ஷிஃப்ட்காரர் வேறு லாகினில் வந்தால், அவருடைய லாகினிலும் இதே வேலையைச் செய்யவேண்டும்.

நேரக் கணக்கு: ஐகான் வரைய அரை நாள், ரெஜிஸ்ட்ரிக்கு ஒவ்வொரு வகைக்கும் பத்து நிமிடம், சிறுபட நிரலைத் தேடி நிறுவிச் சோதிக்க ஒரு சாயங்காலம்.

3. எக்ஸ்டென்ஷன் வேறு யாருடையதாவது என்று பாருங்கள்

விண்டோஸ் ஃபைலின் உள்ளே எட்டிப் பார்க்காது. கடைசிப் புள்ளிக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்துத்தான் வகையை முடிவு செய்யும். ஒரு எக்ஸ்டென்ஷனை இரண்டு மென்பொருள்கள் உரிமை கொண்டாடினால் சண்டைதான்.

எம்பிராய்டரியில் பெரும்பாலான மெஷின்கள் படிக்கும் டிஎஸ்டி என்ற வகையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே எழுத்துகளை ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள் தன் ஷீட் செட் ஃபைலுக்கும் வைத்திருக்கிறது. ஆட்டோகேட் நிறுவிய கம்ப்யூட்டரில் உங்கள் டிசைன்கள் எல்லாம் ஆட்டோகேட் ஐகானோடு நிற்கும். இரட்டைக் கிளிக் செய்தால் அதுதான் திறக்கப் பார்க்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். அந்தக் கம்ப்யூட்டரில் எந்த வேலை அதிகம் என்று பார்த்து, ஒரு மென்பொருளுக்கு மட்டும் எக்ஸ்டென்ஷனைக் கொடுங்கள். மற்றதை ‘ஓப்பன் வித்’ மூலம் திறந்துகொள்ளலாம்.

சந்தேகம் வந்தால் ஃபைலின் ஒரு நகலை நோட்பேடில் திறந்து பாருங்கள். எம்பிராய்டரி டிஎஸ்டியின் முதல் 512 பைட் தலைப்புப் பகுதி. வழக்கமாக எல், ஏ என்ற இரண்டு எழுத்தும் முக்காற்புள்ளியும் (:) முதலில் வரும், பக்கத்திலேயே டிசைன் பெயர். அடுத்தடுத்து எஸ்டி என்பதற்கு எதிரே மொத்தத் தையல்கள், சிஓ என்பதற்கு எதிரே எத்தனை முறை நூல் மாற்றவேண்டும் என்பது. அதற்குப் பின்னால் வருவதெல்லாம் படிக்க முடியாத குறிகள். ஒரு தையலுக்கு மூன்று பைட் வீதம் ஊசி நகரும் தூரம் அதில் இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடுங்கள்.

நீங்களே புதிதாக ஒரு வகையை உருவாக்குவதாக இருந்தாலும் இந்தச் சோதனை தேவை. ஒவ்வொரு ஆர்டருக்கும் துணி நிறம், நூல் எண், ஃப்ரேம் அளவு எழுதிவைக்கும் சின்ன ஃபைல்களுக்கு முதலில் ‘ஜாப்’ என்று எக்ஸ்டென்ஷன் வைத்தேன். அது விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் பழைய காலத்திலிருந்து பயன்படுத்துவது. எல்லாவற்றையும் ‘ஜாப்கார்டு’ என்று மாற்றவேண்டி வந்தது. நீளமாக, உங்கள் வேலைக்கே உரியதாகப் பெயர் வையுங்கள். மூன்று எழுத்தில்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை.

4. ஐகானை வரையுங்கள்

ஐசிஓ என்ற வடிவம் வேண்டும். ஜேபெக் படத்தின் பெயரை மட்டும் மாற்றிவைத்தால் ஐகான் ஆகாது. கிம்ப் இலவசம், அதில் வரைந்து நேராக ஐசிஓவாக ஏற்றுமதி செய்யலாம்.

ஒரே ஃபைலுக்குள் 16, 32, 48, 256 பிக்சல் என்று நான்கு அளவாவது வையுங்கள். கிம்ப்பில் ஒவ்வொரு அளவையும் ஒரு லேயராக வைத்து ஏற்றுமதி செய்தால் எல்லாம் ஒன்றாகச் சேரும். 256இல் அழகாக வரைந்த மாங்காய் டிசைனை 16க்குச் சுருக்கினால் ஒரு கறைதான் மிஞ்சும். 16க்குத் தனியாக, ஒரு நூல்கண்டு, ஒரே அடர் நிறம் என்று எளிமையாக வரையுங்கள். தினமும் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது அந்தக் குட்டி அளவைத்தான்.

வரைந்த ஐகானை டெஸ்க்டாப்பிலோ பென் டிரைவிலோ வைக்காதீர்கள். சி டிரைவில் ஒரு நிரந்தர ஃபோல்டர் போட்டு அதில் வையுங்கள். அந்த ஃபைல் இடம் மாறினால் மறுபடியும் வெள்ளைத் தாள்தான்.

5. ரெஜிஸ்ட்ரியில் பதியுங்கள்

ஒரு முக்கியமான எச்சரிக்கை: இந்தப் படி முடியும்வரை அந்த வகை ஃபைலை இரட்டைக் கிளிக் செய்யாதீர்கள். செய்தால் விண்டோஸ் ‘எதில் திறக்கட்டும்’ என்று கேட்கும். ‘எப்போதும்’ என்று ஒருமுறை அழுத்திவிட்டால் அந்தத் தேர்வு நீங்கள் எழுதப்போகும் எல்லாவற்றையும் மிஞ்சிவிடும்.

ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, ஹெச்கீ கரண்ட் யூசர், அதன் கீழ் சாஃப்ட்வேர், அதன் கீழ் கிளாசஸ் என்று போங்கள். கிளாசஸில் வலது கிளிக் செய்து முதலில் ஏற்றுமதி செய்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு:

அங்கே ஒரு புதிய கீ (ரெஜிஸ்ட்ரியில் ஃபோல்டர் போல இருப்பதுதான் கீ). அதன் பெயர் உங்கள் எக்ஸ்டென்ஷன், முன்னால் புள்ளியோடு. புள்ளியை விட்டுவிட்டால் எதுவும் நடக்காது, பிழைச் செய்தியும் வராது. அதன் டீஃபால்ட் மதிப்பில் இந்த வகைக்கு ஓர் உள்பெயர் கொடுங்கள்: யூனிட் பெயர், ஒரு புள்ளி, வகைப் பெயர், எல்லாம் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல்.

அதே கிளாசஸின் கீழ், அந்த உள்பெயரிலேயே இரண்டாவது கீ. இதன் டீஃபால்ட் மதிப்பில் மனிதர்கள் படிக்கும் பெயரை எழுதுங்கள். தமிழில் எழுதலாம். என் ஜாப்கார்டு ஃபைல்களுக்கு நான் ‘வேலை அட்டை’ என்று எழுதினேன். எக்ஸ்ப்ளோரரின் டைப் பத்தியில் அப்படியே வருகிறது.

இந்த இரண்டாவது கீயின் உள்ளே ‘டீஃபால்ட் ஐகான்’ என்ற கீ. இரண்டு சொல்லையும் சேர்த்து ஒரே சொல்லாக. அதன் மதிப்பு ஐகான் ஃபைலின் முழுப் பாதை. ஐகான் தனி ஃபைலாக இல்லாமல் மென்பொருளுக்குள்ளேயே இருந்தால் மென்பொருளின் பாதை, ஒரு கமா, எத்தனையாவது ஐகான் என்ற எண். எண் 0இல் தொடங்கும்.

மறுபடி இரண்டாவது கீயின் உள்ளே ‘ஷெல்’, அதனுள் ‘ஓப்பன்’, அதனுள் ‘கமாண்ட்’. கமாண்டின் மதிப்பு: மென்பொருளின் பாதை இரட்டை மேற்கோளுக்குள், ஓர் இடைவெளி, அப்புறம் "%1" என்பதும் இரட்டை மேற்கோளுக்குள். அந்த இரண்டாவது மேற்கோளை மறந்தால், பெயரில் இடைவெளி இல்லாத ஃபைல்கள் ஒழுங்காகத் திறக்கும், இடைவெளி உள்ளவை மட்டும் ‘ஃபைல் இல்லை’ என்று சொல்லும். பாதி வேலை செய்வதால் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

6. ஐகான் மாறவில்லை என்றால்

விண்டோஸ் பழைய ஐகானை நினைவில் வைத்திருக்கும். டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் கொடுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். இல்லையென்றால் லாக் ஆஃப் செய்து திரும்ப வாருங்கள்.

அப்போதும் வரவில்லை என்றால் ‘எப்போதும்’ பொத்தானை யாரோ அழுத்தியிருக்கிறார்கள். அதே ஹெச்கீ கரண்ட் யூசரில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட் வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர், ஃபைல் எக்ஸ்ட்ஸ் என்று இறங்கினால் உங்கள் எக்ஸ்டென்ஷன் அங்கேயும் இருக்கும். அதனுள் ‘யூசர் சாய்ஸ்’ என்று ஒரு கீ. விண்டோஸ் 8 முதல் இதில் ஒரு சரிபார்ப்புக் குறியும் சேர்ந்திருக்கிறது. மதிப்பைக் கையால் மாற்றி எழுதினால் விண்டோஸ் ஏற்காது. அதனால் திருத்தப் பார்க்காதீர்கள். ஏற்றுமதி செய்து வைத்துக்கொண்டு, யூசர் சாய்ஸ் கீயை முழுதாக நீக்கிவிட்டு எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

7. எழுத்து ஃபைலுக்கு முன்தோற்றம்

வேலை அட்டை போல எழுத்து மட்டும் உள்ள ஃபைல் என்றால் இது இரண்டு நிமிடம். புள்ளியோடு தொடங்கும் முதல் கீக்குப் போய், ‘பெர்சீவ்டு டைப்’ என்று, இரண்டு சொல்லையும் சேர்த்து, ஒரு புதிய ஸ்ட்ரிங் மதிப்பு உருவாக்குங்கள். அதில் ‘டெக்ஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்து ஆல்ட், பி அழுத்தினால் ஃபைலில் உள்ளது பலகத்தில் தெரியும். ஆர்டரைத் திறக்காமலே நூல் எண்ணைப் படிக்கிற வசதி எங்கள் ஆபரேட்டர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

தமிழ் எழுத்து குழம்பித் தெரிந்தால், நோட்பேடில் ‘சேவ் ஆஸ்’ கொடுத்து என்கோடிங்கில் ‘யுடிஎஃப்-8 வித் பாம்’ என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்துப் பாருங்கள். பாம் என்பது எந்த என்கோடிங் என்று ஃபைலின் தொடக்கத்தில் சொல்லும் குறி. இப்போதைய நோட்பேட் சும்மா சேமித்தால் அது இல்லாமல்தான் சேமிக்கும்.

இன்னொன்று. மின்னஞ்சலிலோ இணையத்திலோ இறக்கிய ஃபைலுக்கு மட்டும் முன்தோற்றம் வராமல் எச்சரிக்கை வருகிறதா? நீங்கள் செய்தது தவறில்லை. 2025 அக்டோபர் பாதுகாப்புப் புதுப்பிப்பிலிருந்து, இணையத்திலிருந்து வந்ததாகக் குறியிடப்பட்ட ஃபைல்களுக்கு விண்டோஸ் முன்தோற்றத்தை நிறுத்திவிட்டது. அனுப்பியவரை நம்பினால் மட்டும் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ‘அன்பிளாக்’. அடுத்த முறை லாகின் செய்யும்போதுதான் பலன் தெரியலாம்.

8. விண்டோஸில் டிசைனுக்குச் சிறுபடம்

பணம் செலவழிக்கும் முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ பகுதியில் ‘எப்போதும் ஐகானையே காட்டு, சிறுபடம் வேண்டாம்’ என்ற வரியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அப்புறம், லிஸ்ட், டீட்டெயில்ஸ் வடிவங்களில் சிறுபடம் தெரியாது; மீடியம் ஐகான் அல்லது அதைவிடப் பெரிதாக வைக்கவேண்டும். நிரல் சரியாக இருந்தும் டீட்டெயில்ஸில் வைத்துக்கொண்டு ‘வரவில்லையே’ என்று நிறுவி நீக்கி நிறுவியவர்கள் எங்கள் யூனிட்டிலேயே உண்டு.

அடுத்து, நீங்கள் ஏற்கெனவே வாங்கிய பஞ்சிங் மென்பொருளின் (படத்தைத் தையல் டிசைனாக மாற்றுவது) நிறுவலில் சிறுபடத்துக்கான தேர்வு இருக்கிறதா பாருங்கள். தன் சொந்த வகைக்கு மட்டும் காட்டிவிட்டு டிஎஸ்டியை விட்டுவிடுவதும் உண்டு. இல்லையென்றால் எம்பிராய்டரி ஃபைல்களுக்கென்றே விற்கும் சிறுபட நிரல் வாங்கவேண்டும். வாங்கும் முன் மூன்று கேள்விகள்: கட்டணம் ஒரு தடவையா, வருடச் சந்தாவா? எத்தனை கம்ப்யூட்டருக்கு? 64 பிட்டா? மூன்றாவது கேள்விதான் என் பணத்தைத் தின்றது. எக்ஸ்ப்ளோரர் 64 பிட் என்றால் சிறுபட நிரலும் 64 பிட்டாக இருக்கவேண்டும். விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. நான் வாங்கிய பழைய நிரல் 32 பிட். நிறுவும்போது ‘வெற்றி’ என்றது, ஒரு படம்கூடக் காட்டவில்லை. சோதனைப் பதிப்பு தராத நிரலுக்குப் பணம் கட்டாதீர்கள். யாரோ பென் டிரைவில் தரும் திருட்டு நகலையும் தொடாதீர்கள். ஃபோல்டரைத் திறந்த மாத்திரத்தில் ஓடும் நிரல் அது. உள்ளே எது இருந்தாலும் ஓடிவிடும்.

படம் வந்தபிறகு நிறத்தைப் பார்த்துப் பதறவேண்டாம். டிஎஸ்டியில் ‘இங்கே நூலை மாற்று’ என்ற கட்டளை இருக்கும், எந்த நிறம் என்று இருக்காது. சிவப்பு மயில், ஊதா இலை என்று நிரல் தன் போக்கில் நிறம் போடும். வடிவத்தை மட்டும் நம்புங்கள், நிறத்துக்கு வேலை அட்டையைப் பாருங்கள். பிஇஎஸ் என்ற இன்னொரு எம்பிராய்டரி வகையில் நூல் நிறமும் சேர்ந்தே இருக்கும்.

பக்கத்தில் சிஎன்சி, 3டி பிரிண்டிங் செய்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: ஜிகோட், எஸ்டிஎல், எஸ்விஜி வகைகளுக்கு மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் இலவசமாகவே சிறுபடம் தருகிறது. எம்பிராய்டரி அதில் இல்லை.

9. லினக்ஸில் செலவில்லாத வழி

எங்கள் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் உபுன்டு இருக்கிறது. சிறுபடம் முழு இலவசமாக வந்தது அதில்தான்.

முதலில் வகையைப் பதியவேண்டும். உங்கள் ஹோமில் மறைந்திருக்கும் லோக்கல் ஃபோல்டரில் ஷேர், மைம், பேக்கேஜஸ் என்ற இடத்தில் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் வைத்து, அப்டேட்-மைம்-டேட்டாபேஸ் கட்டளையை அந்த மைம் ஃபோல்டருக்குக் கொடுங்கள். விண்டோஸைப் போல அல்லாமல் இங்கே எக்ஸ்டென்ஷனோடு ஃபைலின் தொடக்க எழுத்துகளையும் அடையாளமாகச் சொல்லலாம். மூன்றாம் படியில் சொன்ன அந்த எல், ஏ அடையாளம் இங்கே உதவும்.

படம் வரைய பைஎம்பிராய்டரி என்ற பைத்தான் நூலகம். டிஎஸ்டியைப் படித்துப் பிஎன்ஜியாக எழுத நாலைந்து வரி நிரல் போதும். பிறகு தம்ப்நெய்லர்ஸ் என்ற ஃபோல்டரில் ஒரு சின்ன ஃபைல்: எந்த வகைக்கு, எந்த நிரல் என்று இரண்டு வரி. மூல ஃபைல், வெளியீடு, அளவு மூன்றும் சதவீதக் குறியோடு ஐ, ஓ, எஸ் எழுத்துகளாக வரும்.

இங்கே என்னைச் சிக்கவைத்த கண்ணி ஒன்று. டெர்மினலில் ஓடிய நிரல் ஃபோல்டரில் ஓடவே இல்லை. உபுன்டுவில் ஃபோல்டர்களைக் காட்டும் நாட்டிலஸ், சிறுபட நிரலை ஒரு மூடிய அறைக்குள் வைத்து ஓட்டும். அந்த அறையிலிருந்து உங்கள் ஹோம் ஃபோல்டர் தெரியாது. நிரலும் அதற்கு வேண்டிய நூலகமும் யுஎஸ்ஆர் ஃபோல்டருக்குள், உதாரணமாக அதன் லோக்கல் பகுதியில் இருக்கவேண்டும். சரி செய்தபிறகும் படம் வராது, ஏனென்றால் தோற்றுப்போன ஃபைல்களின் பட்டியலை அது தனியாக வைத்திருக்கும். கேஷ் ஃபோல்டருக்குள் தம்ப்நெயில்ஸ், அதனுள் ‘ஃபெயில்’. அதை அழித்துவிட்டு நாட்டிலஸை மூடித் திறங்கள்.

10. மேக், புதிய கம்ப்யூட்டர்

மேக்கில் ‘கெட் இன்ஃபோ’வில் ஐகானை ஒட்டினால் அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும்தான் மாறும். வகை முழுவதற்கும் மாறவேண்டும் என்றால் ஒரு செயலி அந்த வகையைத் தன்னுடையதாக அறிவிக்கவேண்டும். பழைய குவிக் லுக் செருகுநிரல்கள் மேக்ஓஎஸ் 15 சிக்வோயாவிலிருந்து வேலை செய்யாது; பழைய கட்டுரைகளைப் பார்த்து இறக்காதீர்கள். நீங்களே செயலி எழுதி மற்றவர்களுக்கும் சிக்கலில்லாமல் தரவேண்டும் என்றால் ஆப்பிளின் டெவலப்பர் உறுப்பினர் கட்டணம் வருடத்துக்கு 99 டாலர்.

விண்டோஸ் கம்ப்யூட்டர் மாற்றும்போது எல்லாவற்றையும் திரும்பச் செய்யவேண்டாம். ஐந்தாம் படியில் உருவாக்கிய இரண்டு கீகளையும் தனித்தனியாக ஏற்றுமதி செய்து, ஐகான் ஃபோல்டரோடு ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய கம்ப்யூட்டரில் முதலில் ஐகான் ஃபோல்டரை அதே பாதையில் வையுங்கள், மென்பொருளை அதே பாதையில் நிறுவுங்கள், அப்புறம் அந்த இரண்டு ஃபைல்களையும் இரட்டைக் கிளிக் செய்யுங்கள். போன மாதம் புதிய கம்ப்யூட்டர் வந்தபோது எனக்கு இதற்கு ஆனது பதினைந்து நிமிடம்.